நேற்று இருந்த முடி

திங்கட்கிழமை காலை பரத் மொட்டைத் தலையோடு வந்து நின்றான். தலை நிறைய சந்தனம்.

"என்னடா இது?" என்றான் கலையரசன்.

"மேல்மலையனூர் போனோம்ணா. வேண்டுதல்."

உப்பளத்தில் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளை மறுபடி வகுப்புக்கு இழுத்துவரும் ஒரு வாத்தியாரைப் பற்றிய படத்தின் படப்பிடிப்பு அது. சின்னப் படம். நடிக்கிற ஆறு பையன்களும் மரக்காணத்துப் பையன்கள். அவர்கள் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறார்களா என்று நோட்டில் எழுதிப் பார்ப்பது உதவி இயக்குநர் கலையரசனின் வேலை. ஆறு வருடமாக உதவி இயக்குநர். இந்தப் படம் சிக்கலில்லாமல் முடிந்தால் டைட்டிலில் இணை இயக்குநர் என்று போடுவதாக இயக்குநர் கௌதமன் சொல்லியிருந்தார். கிளியனூரில் அவன் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தகவல் போய்விட்டது.

மூன்று நாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் பையன்களைக் கூட்டிவந்தார்கள். இது பன்னிரண்டாம் நாள். போன சனிக்கிழமை மாலை அவர்களுடைய வகுப்பு டீச்சர் வைஜெயந்தி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"ஏங்க, அதே அழுக்குச் சட்டையைத் திரும்பத் திரும்ப மாட்டுறீங்க?"

"பாதி சீன் எடுத்தாச்சு டீச்சர். சட்டை, முடி எது மாறினாலும் எல்லாம் வேஸ்ட்."

"அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டு போனார்.

இப்போது முடி மாறிவிட்டது.

கலையரசன் பரத்துக்குத் தொப்பி மாட்டினான். கௌதமன் மானிட்டரைப் பார்த்தார்.

"வாத்தியார் பாடம் நடத்துறாரா, கிரிக்கெட் கோச்சிங் எடுக்கிறாரா?"

பாண்டிச்சேரி போய் விக் வாங்கி வந்தான். உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பில் ஓடும் காட்சி. பரத் ஓடினான். விக் அவனோடு வரவில்லை. கடல்காற்று அதைக் கழற்றிப் பாத்தியில் போட்டது. எடுத்துக் காயவைத்தபோது உப்புப் பூத்து நரைத்திருந்தது.

"எனக்குக் குடுத்துடுங்க தம்பி, என் வயசுக்கு சரியா இருக்கும்" என்றார் வாத்தியாராக நடித்த குழந்தைசாமி.

ஆறு பேரில் பரத் உயரமே இருந்த சுரேஷை அவனுக்குப் பதிலாக முதுகு காட்டி நிற்கவைத்து இரண்டு ஷாட் எடுத்தார்கள். மறுநாள் சுரேஷும் மொட்டை.

"உனக்கு என்னடா வேண்டுதல்?"

"தெரியலண்ணா. எங்கம்மாவுக்குத்தான் தெரியும்."

கலையரசன் கௌதமனிடம் போனான்.

"சார், கதையிலயே வெச்சிடலாம். பசங்க தலையில பேன். வாத்தியார் எல்லாருக்கும் மொட்டை போடுறாரு. தானும் போட்டுக்கிறாரு."

கௌதமன் கண்ணை மூடி யோசித்தார்.

"நீங்க வேற, நான் வேற இல்லைன்னு வாத்தியார் சொல்ற மாதிரி."

"அதேதான் சார்."

சலூன்காரர் வந்தார். மிச்சமிருந்த நான்கு பையன்களும் குழந்தைசாமியும் பதினொரு மணிக்குள் மொட்டை. காட்சி நன்றாக வந்தது. கேமராமேனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வையாகவும் இருக்கலாம்.

கௌதமன் கலையரசனின் தோளில் தட்டினார். "இணை இயக்குநர்னா இதுதான்யா. சரி, நாளைக்கு என்ன சீன்?"

கலையரசன் நோட்டைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"பசங்க முதல் நாள் கிளாசுக்கு வர்ற சீன், சார். மீதிப் பாதி."

"முடியோட."

"ஆமா சார்."

"ஆறு பேருக்கும்."

"வாத்தியாரையும் சேர்த்து ஏழு, சார்."

கௌதமன் திட்டவில்லை. நாற்காலியை மடித்து வேனில் போட்டார். முடி வளர்ந்ததும் வருவதாக ஊர்க்காரர்களிடம் சொன்னார். வேறு உதவி இயக்குநரோடு வருவதாகக் கலையரசனிடம் சொன்னார்.

பஸ் ஸ்டாப்பில் பையோடு நின்றான். உப்பளத்திலிருந்து வந்த பரத்தின் அம்மா பாஞ்சாலை பக்கத்தில் நின்றாள்.

"ஊருக்குக் கிளம்பிட்டீங்களா சார்?"

"என் வேலையே போச்சும்மா. அந்த வேண்டுதலை ஒரு பத்து நாள் தள்ளி வெச்சிருக்கக் கூடாதா?"

"வேண்டுதல் ஆடி மாசத்துக்குத்தாங்க; அடுத்த வாரம் பரீட்சை, இப்பவே முடியை எடுத்துடு, சினிமாக்காரங்க புள்ளைய விட்டுடுவாங்கன்னு டீச்சர்தான் சொன்னாங்க."