குப்பைப் பையில் கிடந்த மாப்பிள்ளை

நெகிரி செம்பிலான் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் தரகரைப் போல அடுத்தவர் பொறுமையைச் சோதிக்கிற ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன்.

தரகர் என்றதும் வீடு, நிலம் விற்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ரந்தாவ் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமிகளைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. அவர் எனக்கு மூத்தவர். யாருடைய இரத்தத்திலாவது பெயர் தெரியாத கிருமி வளர்ந்தால் அதை ‘மாப்பிள்ளை’ என்பார். அந்தப் பேச்சால் வந்த பட்டம்தான் தரகர். பெயரைச் சொல்லுங்கள் என்று டாக்டர் போன் போட்டால், “பேர மட்டும் கேட்டுட்டுப் பொண்ணு குடுத்துருவீங்களா டாக்டர்? விசாரிக்க வேணாமா?” என்பார். சாயம் போட்டால் மாப்பிள்ளை ஊதாவா சிவப்பா, எந்தச் சர்க்கரையைச் சாப்பிடுகிறார், தானாக நகர்வாரா, எந்த மருந்துக்குப் பயப்படுவார் என்று அத்தனையும் பார்த்து முடிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். நாளைக்குச் சொல்றேன் லா என்று போனை வைத்துவிடுவார். திட்டு வாங்குவது யார்? அடுத்த போனை எடுக்கிற நான்.

மனிதருக்குக் கல்யாணம் ஆகவில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

ஒருமுறை ஒரு டாக்டர் நேராகவே சண்டைக்கு வந்துவிட்டார். தரகர் அவருக்கு நாற்காலி போட்டு, ரொட்டி டின்னைத் திறந்து வைத்து, ஒரு மாப்பிள்ளையின் குலம் கோத்திரத்தை முக்கால் மணி நேரம் சொன்னார். டாக்டர் போகும்போது எதற்காக வந்தோம் என்பதையே மறந்திருந்தார்.

கிருமியின் பெயரைத் தானே அச்சடித்துத் தரும் புது மெஷின் ஒன்று வந்தது. நாங்கள் எல்லாரும் அதைக் கொண்டாடினோம். இவர் மட்டும் அதற்கு ஜோசியக்காரன் என்று பெயர் வைத்தார். ஆயுத பூசையன்று நாங்கள் மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டால், இவர் மாலையைக் கழற்றிக்கொண்டு போய்க் கிருமி வளர்க்கிற பழைய பெட்டிக்குப் போட்டார். மாலை என் காசில் வாங்கியது.

அந்த வருடம் மழைக்காலத்தில் முனியாண்டி என்ற செம்பனைத் தோட்டத் தொழிலாளியைக் காய்ச்சலோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊசிமேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அவருடைய மனைவி வார்டு வாசல் பெஞ்சிலேயே கிடந்தார். என்ன கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்து. அதைச் சொல்ல வேண்டியது நாங்கள்.

இரண்டு குப்பிகளில் இரத்தம் எடுத்திருந்தார்கள். ஒன்றில்தான் ஏதோ வளர்ந்தது. அதைத் தட்டில் கோடு கோடாக இழுத்து வளர்த்தவள் நான். மறுநாள் பொட்டுப் பொட்டாக வந்தது. மெஷினிடம் கொடுத்தேன். தண்ணீரில் சாதாரணமாகக் கிடக்கும் ஏதோ ஒன்றின் பெயரைச் சொல்லி, நிச்சயமில்லை என்றும் அச்சடித்தது. இரத்தம் எடுக்கும்போது வெளியிலிருந்து ஒட்டிய தூசிதான் என்று முடிவு கட்டினேன். தட்டை மஞ்சள் குப்பைப் பையில் போட்டுவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், மெஷின் அச்சடித்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரகர் முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு அந்தக் குப்பைப் பையைக் கிளறிக்கொண்டிருக்கிறார்! எனக்கு உச்சந்தலை கொதித்தது. என் வேலையில் நம்பிக்கை இல்லையென்றால் என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே? அத்தனை பேர் பார்க்க என் குப்பையைக் கிளறுவதா? அவர் தட்டைக் கண்டெடுத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, வார்டுக்குப் போன் போட்டார்.

முனியாண்டி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். தோட்ட வேலை என்று படிவத்தில் இருந்ததை நர்ஸ் வாசித்தார். அது போதாதாம். மனைவியையே கூப்பிடச் சொன்னார்.

“மழையில கடைசியா என்ன வேல பாத்தாரும்மா?”

“தண்ணி வடியக் கான் வெட்டுனாருங்க. தண்ணி தேங்கிருச்சுன்னு சேத்துல எறங்கி வெட்டுனாரு. பூட்ஸ் ஓட்டைங்க. கால்ல புண்ணு வேற.”

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டா என்று கேட்டார். ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார் என்றார் அந்த அம்மா. தரகர் போனை வைத்துவிட்டு அந்தக் கிருமியைப் புதுத் தட்டில் பூசி, அதன்மேல் மூன்று மருந்து வில்லைகளை வைத்தார். நான் அவரோடு பேசாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி ஒதுங்கியிருந்தது. மற்ற இரண்டையும் ஒட்டி உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது. அந்த இரண்டில் ஒன்று, முனியாண்டிக்கு அதுவரை ஏற்றிக்கொண்டிருந்த அதே ஊசி மருந்து.

தரகர் டாக்டரைக் கூப்பிட்டார். “பேரு உறுதியாக நாளாகும். ஊசிய இப்பவே மாத்துங்க. இது சேத்துல இருந்து வர்ற மெலியோய்டோசிஸ் கிருமின்னு நெனைக்கிறேன்.” பெயர் உறுதியாகாமல் எப்படி மாற்றுவது என்று டாக்டர் கத்தியது எனக்கே கேட்டது. “தப்பா இருந்தா என் தலையில போடுங்க. இதோ, கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்” என்றார். சாதாரணச் சீழுக்கே நான்கு நாள் விசாரணை நடத்துகிற மனிதர், விசாரணை முடியாமல் கையெழுத்துப் போட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊசியை மாற்றினார்கள். பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதில் அவர் சொன்னதுதான் சரி என்று வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தடித்துவிட்டுத்தான் காய்ச்சல் இறங்கியது. முனியாண்டி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

அவர் வீட்டுக்குப் போகிற அன்று அந்த அம்மா முறுக்கு டின்னோடு எங்கள் கதவைத் தட்டினார். யாருங்க கண்டுபிடிச்சது என்று கேட்டார். தரகர் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினார்.

“இந்தப் புள்ளதாம்மா.”

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் புருஷனைக் குப்பையில் போட்ட கை. கண்ணீர் பட்டு நனைந்தது. நான் தரகரைத் திரும்பிப் பார்த்தேன். தரகர் டின்னைத் திறந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

அந்த அம்மா போனதும் பிடித்துக்கொண்டேன். ஏன் பொய் சொன்னீர்கள், என்னை என்னவென்று நினைத்தீர்கள் என்று கத்தினேன்.

“வளத்தது நீதானேம்மா. நீ ஒழுங்கா வளக்கலன்னா குப்பையில தேடி என்ன பிரயோசனம்?” என்று இன்னொரு முறுக்கை எடுத்தார்.

ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. நியாயம் என்று ஒன்று இருந்தால், அந்த மனுஷன் அன்றைக்கு எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியிருக்க வேண்டும். திட்டியிருந்தால் நானும் அழுது முடித்து, எப்போதோ அவரை மறந்திருப்பேன்.