அதே பச்சை

லாரியின் மூக்கில் முடி முளைத்திருந்தது.

கிருத்திகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். முடிதான். மெல்லிய வெள்ளை முடி. பானெட் முழுக்க, மட்கார்டு வளைவு வரைக்கும், காயாத கிளிப்பச்சைப் பெயிண்டில் வேர்விட்டு நின்று காற்றுக்கு லேசாக ஆடியது.

"நல்லாண்ணா, இது என்னங்க?"

அந்த வீட்டின் டிரைவர் நல்லான் கிட்டே வந்து ஒரு விரலால் தொட்டார். விரல் பச்சையானது. முகர்ந்தும் பார்த்தார்.

"பஞ்சுங்க அம்மணி."

"பஞ்சு எங்கிருந்து வந்துச்சு?"

நல்லான் மதில் சுவரைக் காட்டினார். சுவருக்கு அந்தப்பக்கம் பனியன் துணி பின்னும் கிட்டுசாமியின் நிட்டிங் யூனிட். அதன் காற்றாடி இவர்கள் வீட்டுக் கொல்லையைப் பார்த்துத்தான் சுற்றும். திருப்பூரின் இந்த நல்லூரில் பஞ்சு பறக்காத வீதி கிடையாது. துளசிச் செடியில் கிடக்கும், கொடித் துணியில் கிடக்கும், சில நாள் ரசத்திலும் மிதக்கும். யாரும் பொருட்படுத்துவதில்லை. காயாத பெயிண்ட் பொருட்படுத்திவிட்டது.

நாளை ஆயுத பூஜை. பழனிக்குப் போயிருக்கும் மாமனார் சாமியப்பன் காலையில் வந்துவிடுவார். வந்ததும் லாரியைத்தான் பார்ப்பார்.

எஞ்சினுக்கு மேல் நீள மூக்கு வைத்த, இப்போது யாரும் ஓட்டாத பழைய லாரி அது. சாமியப்பன் முதன்முதலாக வாங்கிய வண்டி. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று மட்டும், வாழைக்கன்று கட்டிக்கொண்டு அவருடைய பனியன் கம்பெனி வாசல்வரை போய்த் திரும்பும். இந்த வருஷம் துரு கண்ட இடமெல்லாம் ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டது. பூஜைக்கு முன்னால் திருப்பூரில் எந்தப் பெயிண்டிங் பட்டறையிலும் இடம் இல்லை.

"நானே ஊட்டுல அடிச்சுடறனுங்க மாமா" என்று கிருத்திகா சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அதுவரை சுவருக்குக்கூட அவள் பெயிண்ட் அடித்ததில்லை. யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்க நினைத்த வேறொன்றுதான் இந்த வேஷத்தில் வெளியே வந்துவிட்டதோ என்று பிறகு தோன்றியது.

அந்த வேறொன்று, ஷேட் டேபிள். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியைக் கம்பெனியில் அந்த மேஜைமேல் விரிப்பார்கள். சாமியப்பன் பார்ப்பார். பக்கத்தில் மாமியார் பூவாத்தாள் மடிப்பைப் பிரித்துக் கொடுத்தபடி நிற்பார். கேட்ட நிறம் வந்திருந்தால் "ஓகே." இல்லையென்றால் "திருப்பி அனுப்பு." அந்த ஒரு வார்த்தைக்குச் சாயப்பட்டறைக்காரர்கள் நடுங்குவார்கள். மெஷின் தப்பினாலும் சாமியப்பன் கண் தப்பாது என்று அவிநாசி வரைக்கும் பேச்சு. துணியைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கிய கிருத்திகாவுக்கு அங்கே கிடைத்த வேலை கூரியர் அனுப்புவது. டேபிளுக்கு வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் மாமனார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். இந்த முறை மட்டும் பேச்சை மாற்றவில்லை.

"பழைய பச்சை அப்படியே வரோணும் அம்மணி. வந்துச்சுன்னா டேபிள் பத்திப் பேசிக்கலாம்."

பழைய பச்சை, மழைக்காலத்துக் கிணற்றுப் படியில் படர்ந்திருக்கும் பாசியின் பச்சை. கிருத்திகா கதவிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்தெடுத்தாள். துருவைத் தேய்த்து, வண்டி முழுக்க ரெட் ஆக்சைடு என்ற செங்கல் நிற அடிப்பூச்சை அடித்துக் காயவிட்டு, சில்லோடு கடைக்குப் போனாள். அங்கேதான் முதல் தப்பு. துணி ஈரத்தில் கருத்துத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். திருப்பூரில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். அதனால் சில்லைவிட ஒரு சுற்று அழுத்தமாகக் கலக்கச் சொன்னாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கலந்து கொடுத்தார்.

பெயிண்ட் துணி அல்ல. காயக் காய இன்னும் கருத்தது. மறுநாள் கொல்லையில் நின்றது எருமை நிறத்தில் ஒரு லாரி.

"கொஞ்சம் மஞ்சளக் கலந்து மேல ஒரு கோட்டிங் குடுத்தா வெளுத்துருமுங்க. நானு பாத்திருக்கறேன்" என்றார் நல்லான்.

கலந்தாள். வெளுத்தது. கிளிக்கு ஒரு சுற்று மேலேயே போய்விட்டது. போகட்டும், பச்சை என்ற சாதியிலாவது சேர்ந்ததே என்று மூச்சுவிட்ட நேரத்தில்தான் இந்த முடி.

"இப்ப என்னங்க பண்றது?"

"மெஷின்ல ஒட்டுன பஞ்ச ஏர் கன் வச்சுத்தானுங்க ஊதறாங்க? நம்மளும் ஊதிரலாமுங்க."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கிட்டுசாமியின் யூனிட்டிலிருந்து சுவருக்கு மேலாக ஏர் ஹோஸ் வந்தது. நல்லான் ஊதினார். பெயிண்டில் ஒட்டிய பஞ்சு அசையவில்லை. கொல்லையில், கூரையில், மரத்தில் எத்தனையோ காலமாகப் படிந்து கிடந்த பஞ்செல்லாம் எழுந்து மேலே ஒரு சுற்றுச் சுற்றி, சாவகாசமாக லாரியின் மேல் இறங்கியது.

மதிலுக்கு மேலே கிட்டுசாமியின் தலை தெரிந்தது.

"என்னுங்க அம்மணி, லாரிக்கு ஸ்வெட்டர் போடறீங்களாட்ட இருக்குது?"

"அந்தக் காத்தாடிய சித்த நிறுத்துங்கண்ணா. கும்புட்டுக்கறேன்."

"தீவாளிச் சரக்குங்க. அத நிறுத்துனா உள்ள ஆளுக மயங்கி உழுந்துருவாங்க. பொழுதோட பூஜைக்கு மெஷின் கழுவறப்ப தானா நின்னுரும், பொறுத்துக்குங்க."

பொறுக்க நேரம் இல்லை. பூவாத்தாள் சமையற்கட்டிலிருந்து வந்தார். லாரியை முன்னாலிருந்து பின்னால் வரை ஒருமுறை பார்த்தார்.

"சாப்பிட வா கண்ணு. ரசம் ஆறுது."

அவ்வளவுதான் சொன்னார். கிருத்திகாவுக்குப் பொறாமையாக இருந்தது. பாசிப் பச்சை போய்க் கிளிப்பச்சை வந்து, அதிலும் முடி முளைத்து நிற்கிறது. ஒன்றும் கண்ணில் படாமல் ரசத்தைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் அத்தையால்தான் முடியும். நிறம் என்ற ஒன்றைப் பற்றிக் கவலையே இல்லாத வாழ்க்கை எவ்வளவு நிம்மதி!

செல்போன் அடித்தது. பழனியிலிருந்து கணவன் தரணி.

"எப்படிப் போகுது கிருத்தி?"

"சூப்பரா போகுதுங்க."

"பச்சை வந்துச்சான்னு அப்பா கேக்கறாரு."

"வந்துச்சுன்னு சொல்லுங்க."

பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வந்தது பச்சைதான். எந்தப் பச்சை என்று அவர் கேட்கவில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. இனி ஒரு தும்பு பஞ்சுகூட விழக்கூடாது என்று, வீட்டில் கிடந்த, சாயமேறாத கோரா துணி ரோலைப் பிரித்து லாரியைத் தலையோடு போர்த்திவிட்டார்கள். வெள்ளைத் துணி போர்த்திய அந்த உருவத்தைப் பார்த்து, வீதியில் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, "யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

துணியை எடுக்கப் போனபோது அது வர மறுத்தது. நல்லான் ஒருபக்கம், இவள் ஒருபக்கம் நின்று உரித்தார்கள். துணி பாதி பெயிண்டைக் கொண்டுபோனது. மீதிப் பெயிண்டில் பின்னல் அச்சு இழை இழையாகப் பதிந்து கிடந்தது. அந்த நிலைமையிலும் அவள் மனதின் ஒரு மூலை, சிங்கிள் ஜெர்சிப் பின்னல், லூப் ஒழுங்காக இருக்கிறது என்று குறித்துக்கொண்டது. அந்த மூலையை அவள் வெறுத்தாள்.

"தின்னர் போட்டுத் துடைச்சா அச்சு போயிருமுங்க" என்றார் நல்லான்.

"இதையும் பாத்திருக்கறீங்களா?"

"இல்லீங்க. இது தோணுச்சுங்க."

பனியன் வேஸ்ட்டைத் தின்னரில் நனைத்துத் துடைத்தாள். அச்சு போனது. பச்சையும் போனது. அடியிலிருந்த ரெட் ஆக்சைடு எழுந்து வந்து மிச்சப் பச்சையோடு கலந்து, கதவு செங்கல் நிறமானது. அதைச் சரிசெய்யப் பக்கத்தில் துடைத்தாள். அதுவும் செங்கல். துடைத்த இடமெல்லாம் சிவப்பு, துடைக்காத இடமெல்லாம் பஞ்சு முளைத்த பச்சை.

கிருத்திகா தகர டின்மேல் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வந்தது ஒரு தொழில் பயம். நிறம் தப்பினால் திட்டோடு போகும். ஒரே லாட் துணியில் இரண்டு நிறம் வந்தால் எந்தக் கம்பெனியும் மன்னிக்காது. பச்சையை இனிக் கொண்டுவர முடியாது. ஒரே நிறமாகவாவது நிறுத்தலாம்.

முழு லாரியையும் துடைத்தாள். மிச்சமிருந்த ரெட் ஆக்சைடைச் சக்கரம்வரை அடித்தாள். பொழுது சாய, கிட்டுசாமியின் காற்றாடி நின்றது. அன்றைக்கு அடித்ததிலேயே ஒழுங்காகக் காய்ந்தது அது ஒன்றுதான். பாசிப் பச்சை லாரி நின்ற இடத்தில் செங்கல் சிவப்பு லாரி ஒன்று, ஒரு குறையும் இல்லாமல் நின்றது.

காலையில் குளித்துவிட்டு வந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'தப்புப் பண்ணிட்டனுங்க மாமா. டேபிள் வேண்டாமுங்க.' இரண்டாவது வாக்கியம் வரும்போதெல்லாம் முதல் வாக்கியத்துக்கே திரும்பிப் போனாள். அதைச் சொல்லிவிட்டால் ஆயுள் முழுக்கக் கூரியர்தான்.

பூஜைக்குக் கம்பெனி ஆட்கள் கொல்லையில் கூடியிருந்தார்கள். டெய்லர்கள், செக்கிங் பெண்கள், மதிலுக்கு மேல் கிட்டுசாமியின் தலை. எல்லோரும் லாரியைப் பார்த்தார்கள், கிருத்திகாவைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். காரிலிருந்து சாமியப்பன் இறங்கினார். மொட்டைத் தலை, சந்தனம். பின்னால் இறங்கிய தரணி லாரியைப் பார்த்ததும், எதையோ மறந்துவிட்டவன்போலக் காருக்குள் திரும்ப ஏறிக்கொண்டான்.

சாமியப்பன் லாரியைச் சுற்றி வந்தார். மூக்கைத் தடவினார். கதவைத் தட்டினார். சந்தனக் கிண்ணத்தோடு பூவாத்தாள் வந்து பக்கத்தில் நின்றார்.

"கண்ணு நல்லாப் பண்ணியிருக்கறாளுங்க" என்றார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே.

சாமியப்பன் இரண்டடி பின்னால் போனார். தலையைச் சாய்த்து ஒரு கண்ணைச் சுருக்கினார். கம்பெனியே மூச்சுவிட மறந்த பார்வை அது.

"அதே பச்சை" என்றார். "ஒரு பாயிண்ட் மாறல."

பீகாரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த பேக்கிங்காரர் சிவப்பு என்று இந்தியில் சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற டெய்லர் அவர் காலை மிதித்தார்.

"அதே பச்சைங்க" என்றார் நல்லான், சத்தமாக. "நானு பாத்திருக்கறனுங்க."

கிருத்திகாவுக்கு உடம்பு கூசியது. இத்தனை பேருக்கு முன்னால் மாமா இப்படிக் குத்திக் காட்டுகிறாரே. இல்லை, கேலி செய்யும் முகமாகவும் தெரியவில்லை. மன்னிக்கிறாரா? இவ்வளவு பெரிய மனசா? அப்படியென்றால் உண்மையைச் சொல்லாமல் நிற்பது இன்னும் கேவலம்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லோணுங்க."

"ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம் அம்மணி. அதான் எங்கண்ணு சொல்லுதே. நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு. வந்து டேபிள்ல உக்காரு."

ஆட்கள் கை தட்டினார்கள். கிட்டுசாமி விசிலே அடித்தார். கேட்டது கிடைத்துவிட்டது. கிருத்திகாவால் அங்கே நிற்க முடியவில்லை. பூவாத்தாளின் கையைப் பிடித்துச் சமையற்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை, மாமா எதுக்குங்க அப்படிச் சொன்னாரு? கோவமா, கேலியா? எனக்குப் பயமா இருக்குதுங்க."

பூவாத்தாள் சுண்டல் சட்டியை இறக்கி வைத்தார். கதவை லேசாகச் சாத்தினார். பலகையை இழுத்துப் போட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

"கோவமுமில்ல, கேலியுமில்ல கண்ணு. அவருக்குப் பச்சையும் சிகப்பும் ஒண்ணாத்தான் தெரியும், கல்யாணமானதுலருந்து நாந்தான் பக்கத்துல நின்னு சொல்லிட்டிருக்கறேன். நாளைலருந்து நீ நில்லு, எனக்குக் கால் வலிக்குது."