அத்தானின் பத்தொன்பதாவது படம்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே மகள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. மகள் நலம். மாப்பிள்ளை நலம். உன் தம்பி பெண்டாட்டி ரொம்பவே நலம். வந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கி மாட்டிக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்கிறாள். இந்த வீட்டில் நலமில்லாத ஜீவன் நான் ஒருத்தன்தான். உன் முழங்கால் வலி குறைந்ததா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொண்டு படி.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ அழுதால் எனக்குக் கேட்கும். கேட்கிற தெம்பு என்னிடம் இல்லை. "ஃபிலிம் என்னடா ஆச்சு?" என்று நீ கேட்டபோதெல்லாம் "இன்னும் குடுக்கலக்கா, கடை லீவு" என்றேனே, அது பச்சைப் பொய். கடை திறந்துதான் இருக்கிறது. எனக்குத்தான் வாய் திறக்கவில்லை.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் அத்தானுடைய கேமராவை என் கையில் கொடுத்தபோது நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. "இதுக்குள்ள இருக்கிற ஃபிலிமை இங்க கழுவ ஆளில்லைன்னுட்டாங்க, அங்க ஒரு கடை இருக்காம். பத்தொன்பது படம் எடுத்திருக்காரு, மிச்சம் பதினேழு இருக்கு, அதை நீங்க எடுத்துக்கோங்க, ஃபிலிமை வீணாக்கினா அவருக்குப் பிடிக்காது. ஆனா அந்தப் பத்தொன்பதாவது படம் எனக்கு வேணும்டா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்கு வண்டி வாசல்ல நிக்குது, நான் சாவியைக் காணோம்னு வீடெல்லாம் தேடிக்கிட்டு அவரைத் திட்டிக்கிட்டு இருக்கேன், டிக்னு ஒரு சத்தம். என்னத்தை எடுத்தீங்கன்னா, கழுவி வந்ததும் பாருன்னாரு. கதவைச் சும்மா சாத்திட்டுப் போனோம். அங்க போய்ப் பாத்தா சாவி என் பைக்குள்ளயே கிடக்குது. நீங்கதானே போட்டு வச்சீங்க, ஏன் சொல்லலைன்னு அதுக்கும் சேத்துத் திட்டினேன். அவர் திரும்பி வரலடா. கடைசியா என்கிட்ட வாங்கினது திட்டுதான்." இப்படிச் சொல்லிவிட்டு நீ கேமராவை என் மடியில் வைத்தாய், அக்கா. அது கேமரா மாதிரியா இருந்தது? பிறந்த குழந்தையை வைத்த மாதிரி இருந்தது.

எனக்குப் பயம் எதிலென்றால் எக்ஸ்ரேயில். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க... இப்ப விடலாம்" என்று சொல்லியே எனக்கு "மூச்சுப்பிடி" என்று பட்டப்பெயர் வந்தது உனக்குத் தெரியும். ஃபிலிமின் மேல் எக்ஸ்ரே பட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? விமான நிலையத்தில் பெட்டிகளையெல்லாம் எக்ஸ்ரேக்குள் விடுகிறார்களே, அதில் அத்தானின் பத்தொன்பது படமும் போய்விட்டால்? ஆகவே ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட, எக்ஸ்ரே ஊடுருவாத ஈய அங்கியிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தேனே, அதில் கேமராவை மூன்று சுற்றுச் சுற்றி, கயிறு கட்டி, கைப்பைக்குள் வைத்தேன். நல்லதுக்குத்தான் செய்தேன். பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாதபடி திரையில் கன்னங்கரேல் என்று ஒரு செங்கல் தெரிந்திருக்கிறது. பெல்ட் நின்றது. ஒருவர் இருவராகி நால்வரானார்கள்.

"பெரியவரே, இது யாரு பை?"

உன் தம்பி பெண்டாட்டி என்னைக் கைகாட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள், முன்னே பின்னே தெரியாதவள் மாதிரி.

"இதுல எதைச் சுத்தி வச்சிருக்கீங்க?"

"கேமரா சார்."

"கேமராவுக்கு எதுக்கு இத்தனை கனமா துணி?"

"எக்ஸ்ரே படக்கூடாதுன்னு சார்."

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"எக்ஸ்ரே எடுக்கிற வேலைதான் சார்."

அந்த ஆள் என்னையே பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. கேமராவைத் திறந்து காட்டு என்றார். திறந்தால் வெளிச்சம் பட்டுவிடும், எல்லாம் போய்விடும் என்றேன். திறக்காவிட்டால் விமானம் போய்விடும் என்றார். எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வயசுக்கு மேல், பெல்ட்டைக் கழற்றி டப்பாவில் போட்ட கால்சட்டையோடு, அத்தனை பேர் பார்க்க. "என் அத்தான் இதுக்குள்ள இருக்காரு சார்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கடைசியில் பெரிய அதிகாரியம்மா ஒருவர் வந்து, விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டு, "ஃபிலிம் கேமராங்களா? ஆரம்பத்துலயே கையில குடுத்துச் சொல்லியிருந்தா, கையாலயே பாத்துட்டு விட்டிருப்போமே" என்று சொல்லி, ஒரு சின்னத் துணியால் கேமராவைத் துடைத்துச் சோதித்து அனுப்பிவிட்டார். ஈயத் துணிதான் எல்லா வம்புக்கும் காரணம் என்று உன் தம்பி பெண்டாட்டி விமானம் தரையிறங்கும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

வந்த பிறகாவது நிம்மதி உண்டா? ஃபிலிமைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகம். கேமராவையே ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் மாப்பிள்ளை பால் எடுக்கப் போனவர், "மாமா, உங்க கேமராவுக்கு வேர்க்குது" என்று கொண்டுவந்து கொடுத்தார். அவர் தங்கமான மனுஷர், அக்கா. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முழுக்க அதை ஜன்னலோரம் வைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் மிச்சப் பதினேழு படம். ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் உள்ளே எதையோ உடைக்கிற மாதிரி இருக்கும். பதினேழில் பதினாறு உன் தம்பி பெண்டாட்டிதான். பாலத்தின் மேல் அவள், பெஞ்சில் அவள், கடை வாசலில் அவள், எல்லாவற்றிலும் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர். எடுக்கும்போது என்னையறியாமல் "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிடுவேன். "சிரின்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்துவாள். பதினேழாவது, கேமராவைக் கீழே வைக்கும்போது பட்டன் தானாக அழுந்தி விழுந்த படம். அதில் என் செருப்புதான் இருக்கும்.

இனிமேல்தான் விஷயமே. தண்ணீர் குடித்துக்கொள்.

முப்பத்தாறும் முடிந்தது. ஃபிலிமைத் திருப்பிச் சுற்றி அதன் சின்ன டப்பிக்குள் சேர்க்க வேண்டும். மேலே இருக்கிற குமிழைத் திருகினேன். இறுகிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினேன். 'கிரிச்' என்று ஒரு சத்தம். கிழிந்துவிட்டதா? நடுவில் கிழிந்திருந்தால் பத்தொன்பதாவது படம் எந்தப் பாதியில் இருக்கிறது? கேமராவின் அடியில் ஒரு பொட்டு பட்டன் இருக்கிறது, அதை அழுத்திக்கொண்டுதான் குமிழைத் திருக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டறை. முப்பத்தொரு வருஷம் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கில் ஃபிலிமைத் திறந்தவன் நான். சிவப்பு வெளிச்சம் ஃபிலிமை ஒன்றும் செய்யாது. இது என் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம்.

இந்த வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் துண்டுகளைத் திணித்தேன். மாப்பிள்ளையின் சைக்கிளுக்குப் பின்னால் எரிகிற சிவப்பு விளக்கைக் கழற்றி வந்து சோப்பு வைக்கிற இடத்தில் வைத்தேன். அசல் இருட்டறை மாதிரியே இருந்தது, அக்கா. பழைய தைரியமெல்லாம் திரும்பி வந்தது. கேமராவின் முதுகைத் திறந்தேன். ஃபிலிம் கிழியவில்லை! உருளையில் அழகாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொடாமல், நிதானமாக, ஆசை தீரப் பார்த்துவிட்டு மூடினேன். மூடும்போதுதான் விரலில் அந்தப் பட்டன் தட்டுப்பட்டது. அழுத்தித் திருகினேன், வெண்ணெய் மாதிரி சுற்றிக்கொண்டது.

நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், மேஜையில் கத்தரிக்கோல், கையில் வெள்ளை உறை. ஃபிலிமை வாங்கி எண் எழுதினார். அத்தோடு திரும்பி வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா? நான் எப்படிச் சிவப்பு விளக்கில் திறந்து பார்த்தேன் என்பதை அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல் என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். மகள் சொன்னாள். அந்தம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக ஏதோ சொன்னார். மகள் முகம் மாறிவிட்டது.

"என்னம்மா சொல்றாங்க?"

"அப்பா... சிவப்பு விளக்கு எக்ஸ்ரே ஃபிலிமுக்குத்தான் ஒண்ணும் செய்யாதாம். இது கலர் ஃபிலிம். இதுக்கு எல்லா வெளிச்சமும் தெரியுமாம். அம்மாவோட சிவப்பு ஸ்வெட்டர் படத்துல சிவப்பா விழணும்னா, ஃபிலிம் சிவப்பைப் பாக்கணும் இல்லையான்னு கேக்கறாங்க."

அக்கா, இதைவிடத் தெளிவாக யாரும் என்னை முட்டாள் என்று சொன்னதில்லை. எக்ஸ்ரேயிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று தரையில் உட்கார்ந்தவன், குளியலறையில் வைத்து என் கையாலேயே கொன்றுவிட்டேன். நாலு நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வந்தாலும் என்ன வரப்போகிறது? ராத்திரி கண்ணை மூடினால் நீ மடியில் வைத்ததுதான் தெரிகிறது. நீ என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் "பரவால்லடா" என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அவ்வளவுதான்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் கால்களைத் தொட்டுக் கும்பிடுகிறேன். நேரில் வந்தால் விடவே மாட்டேன்.

இப்படிக்கு,
உன் உதவாக்கரைத் தம்பி

பின்குறிப்பு: இதைத்தான் நீ முதலில் படித்திருக்க வேண்டும். உறையை ஒட்டி நாலு நாளாகச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், தபால் பெட்டியில் போடக் கை வரவில்லை. இன்று கடையிலிருந்து கூப்பிட்டார்கள், மகளோடு ஓடினேன். ஃபிலிம் உருளையில் சுற்றும்போது கடைசியாக எடுத்தது மேலே இருக்குமாம், முதலில் எடுத்தது அடியில் இருக்குமாம். ஆகவே சிவப்பு வெளிச்சத்தையெல்லாம் மேலே இருந்த என்னுடைய பதினேழு படங்களே வாங்கிக்கொண்டுவிட்டன. உன் தம்பி பெண்டாட்டி ஒன்றில்கூட இல்லை, அந்த ஸ்வெட்டரின் கைகூட இல்லை. அவளுக்கு இன்னும் தெரியாது. எனக்கு இப்போது அந்தப் பயம் பிடித்திருக்கிறது. அடியில் இருந்த அத்தானின் பத்தொன்பதும் பத்திரம். அக்கா, இப்ப மூச்சை விடலாம். கழுவின ஃபிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது என்று அந்தம்மா அடித்துச் சொல்கிறார். இருந்தாலும் ஈயத் துணியில் சுற்றித்தான் கொண்டுவருவேன். பத்தொன்பதாவது படத்தை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். கூடத்தில் நீ அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்துக் கத்துகிறாய், வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. உன் இடது கையைப் பார். சுண்டு விரலில் சாவிக்கொத்து தொங்குகிறது. அவர் அதைப் பார்த்துவிட்டு, சொல்லாமல், உன் திட்டை வாங்கிக்கொண்டே எடுத்திருக்கிறார். படம் ஒரு ஓரமாகக் கொஞ்சம் ஆடியிருக்கிறது. சிரிப்பில் கை ஆடியிருக்கும் என்கிறார் கடைக்கார அம்மாள்.