மூன்றரையா, ஐந்தா?

இலங்கையின் ஊவா மாகாணத்தில் ரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயந்தவர்களைத் தெரியும், தோட்டத்துத் துரைக்குப் பயந்தவர்களையும் தெரியும். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று பயந்தே இளைத்துப்போனவர் எங்கள் கோச்சியார் ஒருவர்தான்.

ரயிலை நாங்கள் கோச்சி என்போம். நமுனுகுல மலையில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த வீடு அவருடையது. தேயிலை ஃபேக்டரியில் மிஷின் பார்த்தவர். வேலையை விட்டதும் முழங்கால் உயரத்துக்கு, கரி போட்டால் புகைவிட்டு ஓடுகிற நிஜக் கோச்சி செய்ய உட்கார்ந்துவிட்டார். எல்லாம் சம்சாரம் மேரிக்காக. அவளுக்கு முழங்கால் போய்விட்டது. லயத்துக் கோடியில் இருக்கிற ஜெப வீட்டுக்குக்கூட நடக்க முடியாது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால், "நான் என்ன பொணமாக்கா?" என்பாள்.

மூன்றரை அங்குலம் என்றால் போகிற வழியில் இருக்கிற குழாயடி வளைவில் சுலபமாகத் திரும்பும், ஆனால் ஆள் கவிழலாம். ஐந்து என்றால் கவிழாது, ஆனால் வளைவு பெரிதாக வேண்டும். மூன்றரைக்குச் சக்கர அச்சுக் கடைவார். மறுநாளே பயந்து ஐந்துக்குக் கடைவார். பண்டாரவளை இரும்புக்கடை நாநா அவரைக் கண்டதுமே கேட்பார்: "மறுபடியும் அச்சா? ஒங்க கோச்சி எப்பதாங்க பொறக்கும்?"

கடைசியில் மூன்றரையில் தண்டவாளம் போட்டு, அதில் ஓட ஒரு தள்ளுவண்டியும் செய்து என்னிடம் வந்தார்.

"அக்கா, சும்மா ஒக்காந்து பாருங்க. நீங்கதான் நல்ல எடை."

"எடை பாக்க நான் என்ன கொழுந்தாய்யா?"

உட்கார்ந்தேன். தள்ளினார். வளைவில்கூட நான் அசையவில்லை. மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே மேரியை உட்கார வைத்தார். அதே வளைவில் வண்டி ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்தது. அவர் முந்திக்கொண்டு விழுந்து மெத்தையாகக் கிடந்ததால் மேரிக்குக் கீறல்கூட இல்லை.

விஷயம் இதுதான். மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்த என் உடம்பு தானாக மேட்டுப் பக்கம் சாயும். மேரி பதுளை டவுனில் பிறந்தவள், பள்ளத்துப் பக்கம் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். தோட்டத்து மனிதர் தோட்டத்துக்காரியை வைத்துச் சோதித்தால் வேறென்ன நடக்கும்?

அதற்குப் பிறகும் அவர் மூன்றரையை விடவில்லை. "மேரியக் கயித்தால கட்டிரலாங்க," என்றார்.

"மூட்டையா கட்டப் போறாராம்," என்றாள் மேரி.

"அஞ்சு போட்டா என்னய்யா கொறஞ்சு போச்சு?" என்றேன். அவர் குழாயடியைப் பார்த்தபடி நழுவிவிட்டார்.

மேரிதான் மெதுவாகச் சொன்னாள்: "அஞ்சுன்னா வளைவு ஒங்க லீக்ஸ் பாத்தி வழியா போகுதுக்கா. ஒங்ககிட்ட கேக்கத்தான் இந்த மனுசனுக்குப் பயம்."

பயம் நியாயம்தான். வெங்காயத்தாள் மாதிரி லீக்ஸ் நிற்கிற அந்தப் பாத்தியில் ஒரு கோழி கால் வைத்தால் என் சத்தம் பூனாகலைத் தோட்டம் வரைக்கும் கேட்கும்.

மறுநாள் காலையில் நானே உட்கார்ந்து லீக்ஸைப் பிடுங்கினேன். கோச்சியார் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"இன்னும் முத்தலையேக்கா."

"முத்துனது போதும். அஞ்சு போடுங்க."

இப்போது ஞாயிறுதோறும் மேரி கோச்சியில் வந்து ஜெப வீட்டில் என் பக்கத்தில் உட்காருகிறாள். அவர் உள்ளே வருவதில்லை. திரும்பிப் போகும்போது என்ன ஆகுமோ என்ற கவலையில், சக்கரத்தைத் தடவிக்கொண்டு வெளியிலேயே நிற்பார். அவருக்கும் சேர்த்து நான்தான் ஜெபிக்கிறேன்.