சோதனைக் கடுதாசியும் கிராணியார் ஆடும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை மரவள்ளிக் கிழங்கு அவிக்கிறது மட்டும்தான்.

ஜப்பான்காரன் ஆட்சி. காலையில கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. இப்ப அவன் போயிட்டான், அந்த தைரியத்துலதான் இத எழுதறேன்.

எங்க லயத்து வீட்டு வரிசையில எல்லாரும் ரப்பர் பால் மரம் வெட்டப் போயிட்டாங்க. கைக்குழந்தையோட நான் மட்டும் இருந்தேன். முனியப்பன் அண்ணன் வந்தாரு. முந்தி எஸ்டேட் வாட்ச்மேன். ஜப்பான்காரன் கையில ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டு போலீஸ் ஆக்கிட்டான்.

"தங்கச்சி, கடுதாசி ஒட்டணும். கஞ்சி இருக்கா?"

கஞ்சி ஏது? உப்பு போட்டு அவிச்ச கிழங்க மசிச்சுக் கொடுத்தேன். விரல்ல தொட்டு நக்கினாரு.

"ருசியா இருக்குலா!"

அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கடுதாசிய எங்க ஒட்டினாரு? பதினேழாம் நம்பர், அஞ்சலை அக்கா வீட்டுக் கதவுல! மேல ஜப்பான் எழுத்து, செவப்பு முத்திரை. கீழ தமிழ்ல வீட்டு நம்பரும் விவரமும். ஒளிச்சு வெச்ச அரிசிக்கு வீட்டுச் சோதனை.

 ஆனா அந்த அரிசி அக்கா வீட்டுல இல்ல. பதினொன்னாம் நம்பர்ல, என் வீட்டுத் தொட்டில்ல, குழந்தைக்கு அடியில இருந்துச்சு. அக்கா மகளுக்குப் பேறுகாலம். பிள்ளை பெத்தவளுக்கு நாலு நாளாவது சோறு போடணும்னு அக்கா சேத்து வெச்சது. "நீதான் வாயே தொறக்க மாட்டியே, உன்கிட்டயே இருக்கட்டும்"னு கொடுத்துட்டுப் போச்சு.

அண்ணன் சட்டத்த ஒப்பிச்சாரு. படிக்கத் தெரியாது, எல்லாம் மனப்பாடம். "கடுதாசி இல்லாம வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. அதுல இருக்கிற வீட்டத் தவிர வேற வீட்டத் தொடக் கூடாது. ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். சோதனை போடுற வீட்டுக்காரங்க சாட்சியா நிக்கக் கூடாது. கடுதாசியக் கிழிச்சாலும் எழுத்த மாத்தினாலும் ஆறு மாசம் ஜெயில். கன்னத்துல விழுற அறை தனி."

"ஒரு சாட்சி நம்ம எஸ்டேட் கணக்கு எழுதுற கிராணி, தமிழ எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. நீ மூணாங்கிளாஸ் படிச்சவதானே? போடு."

மாமியாருக்குக்கூட நிமிந்து பதில் சொல்லாதவ நான். வேணாம்னு சொல்ல வாய் வரல. போட்டேன். உண்மையச் சொல்லணும்னா, கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு.

"ஜப்பான் தொரையக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் நீதான் காவல்."

அவரு போனதும் குழந்தை அழுதுச்சு. உள்ள போய்த் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு வெளிய வந்தேன். அவ்வளவு நேரந்தான்.

கிராணியார் ஆடு கதவுல முன்னங்கால வெச்சு நின்னு, சட்டத்த மென்னுக்கிட்டு இருந்துச்சு!

உப்புக் கிழங்கு விடுமா? பாஞ்சு போய் இழுத்தேன். முத்திரை இருந்த மேல்பாதி என் கையில. கீழ்பாதி ஆட்டு வயித்துல. மிரட்டிப் பாத்தேன். தாடிய ஆட்டிட்டு நின்னுச்சு.

ஓடி வந்த முனியப்பன் அண்ணன் தலையில கை வெச்சுட்டாரு. "தொரை கிராணி வீட்டுல காப்பி குடிக்கிறாரு! கடுதாசி எங்கடி?"

ஆட்டக் காட்டினேன்.

நோட்டுலேருந்து ஒரு தாள் கிழிச்சாரு. "கீழ்பாதிய எழுது."

"குத்தம்லா அண்ணே!"

"அஞ்சு நிமிசம் எழுதறியா, ஆறு மாசம் உள்ள இருக்கியா?"

எழுதினேன். கிராணி கையெழுத்தையும் நானே போட்டேன், அவரு போட்டத விட அழகா! அதே கிழங்க வெச்சு ரெண்டையும் ஒட்டினோம். எறும்புகூட வந்துருச்சு.

தொரை வந்தாரு. கூடவே கிராணி. கதவத் தொறந்துவிட அஞ்சலை அக்காவையும் பால் மரக் காட்டுலேருந்து கூட்டிட்டு வந்திருந்தாங்க.

கிராணி சத்தமாப் படிச்சாரு. "வீட்டு நம்பர்... பதினொன்னு."

வாரா வாரம் ரேசன் புத்தகத்துல என் பேரையும் என் வீட்டு நம்பரையும் எழுதி எழுதிப் பழகின கை. பதினேழுன்னு எழுத அதுக்கு வரல!

என் விரல்ல இருந்த மையப் பாத்துட்டு அக்கா காதுல சீறுச்சு. "அடிப்பாவி! வாய் தொறக்க மாட்டேன்னு நம்பிக் கொடுத்தேன். கை காட்டிக் கொடுத்துருச்சேடி!"

தொரை நேரா என் வீட்டுப் பக்கம் நடந்தாரு. பின்னால நாங்க. வாசல்லேருந்து பாத்தா தொட்டில் தெரியுது. குழந்தை என் இடுப்புல. தொட்டில் மட்டும் இன்னும் குழந்தை இருக்கிற மாதிரி கனமாத் தொங்குது.

முனியப்பன் அண்ணன் மெல்லக் கேட்டாரு. "ஒனக்கு எத்தன குழந்தை தங்கச்சி?"

நான் குழந்தைய அடுத்த இடுப்புக்கு மாத்தினேன்.

கிராணி இன்னும் கடுதாசியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. தன் கையெழுத்தப் பாத்தாரு, ஒட்டுப் போட்ட எடத்தப் பாத்தாரு. அந்த நேரம் பாத்து ஆடு அவரு காலடியில வந்து கத்துச்சு. தாடியில ஒரு துண்டுக் கடுதாசி, அதுல அவரோட அசல் கையெழுத்து!

மனுசன் சுத்தும் முத்தும் பாத்தாரு. குனிஞ்சு அந்தத் துண்ட எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு. அப்புறம் தொரைகிட்ட பணிவாச் சொன்னாரு. "இது செல்லாதுங்க தொரை. வீட்டுக்காரியே சாட்சியா இருக்கா. நான்தான் நம்பர மாத்தி எழுதிட்டேன்."

பளார்!

கிராணி கன்னத்தத் தடவிக்கிட்டு நின்னாரு. தன் ஆடு கிழிச்சதுக்கு ஆறு மாசம் உள்ள போறதுக்கு இந்த ஒரு அறை லாபந்தான். அடுத்தது முனியப்பன் அண்ணனுக்கு. எனக்கு விழ வேண்டியது, என் இடுப்புல குழந்தை இருந்ததால, அதுவும் அண்ணனுக்கே விழுந்துச்சு.

பாடாங் செராய் ஆபீஸ்லேருந்து புதுக் கடுதாசி வர மூணு நாள் ஆச்சு. அதுக்குள்ள அக்கா மகளுக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்து, அரிசி சோறாகி, சோறு ஆளுக்குள்ள போயிருச்சு.

முனியப்பன் அண்ணன் வீங்கின கன்னத்தோட லயத்து நடுவுல நின்னு கேட்டாரு. "சாட்சி வேணும்! யாருக்கு எழுதத் தெரியும்?"

நான் மொத ஆளாக் கைநாட்டுக்குக் கட்டை விரல நீட்டினேன்.