மருமகளைக் கொஞ்சம் தரையில் நிற்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் மகளும் நலம். இதை எழுதும் நேரத்தில் தரையில்தான் இருக்கிறாள். நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமென நம்புகிறேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தே இறங்கவும்.

காலமெல்லாம் ஆயுள் காப்பீடு விற்றவன் நான். மனிதன் எங்கிருந்தெல்லாம் விழுவான், விழுந்தால் எது முறியும் என்பது எனக்கு மனப்பாடம். கல்யாணப் பேச்சின்போது, "பொண்ணு நல்லாத் தாண்டுவா" என்றீர்கள். கயிறு தாண்டுவாள் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். அவள் பின்னாலேயே, ஊன்றித் தாண்டுகிற அந்த நெடுங்கோலும் வந்து சேர்ந்தது. படிக்கட்டு வளைவில் திரும்ப மறுத்த அதைக் கயிறு கட்டி இழுத்து, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டால், முனை கூடத்தைக் கடந்து பக்கத்து வீட்டுப் பால்கனியில் போய் நின்றது; அந்த அம்மாள் அதில் போர்வை காயப்போட்டுவிட்டார். போட்டிக்குப் போக ரயிலில் ஏற்றப் பார்த்தால் கார்டு, "இது லக்கேஜா, கொடிக்கம்பமா சார்?" என்று இறக்கிவிட்டார். மகனுக்குக் கப்பல் வேலை, துணைக்கு நான்தானே போகவேண்டும். வாடகைக் காரின் கூரையில் கோலைக் கட்டி, வழிநெடுக ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுப் பிடித்துக்கொண்டே போனேன்.

அந்தப் போட்டியில்தான் கோல் அந்தரத்தில் படாரென்று இரண்டாக முறிந்தது. எனக்கு நினைவு தப்பிவிட்டது. கண் விழித்தால் முதலுதவிக் கட்டிலில் கிடக்கிறேன், பக்கத்தில் உங்கள் மகள் விசிறிக்கொண்டிருக்கிறாள். "மாமா, விழுந்தது நான். படுத்திருக்கிறது நீங்க" என்றாள். சொன்ன கையோடு இன்னொரு கோலை இரவல் வாங்கிக்கொண்டு தாண்டப் போய்விட்டாள்.

உலக சாதனை அன்று நான் கண்ணையே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மைதானக் காவலாளியிடம்தான் கேட்டேன்.

"ஆச்சா?"

"ஆச்சு சார்."

"ஏதாவது முறிஞ்சுதா?"

"முறிஞ்சுது சார்."

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "எந்தக் கால்?"

"சாதனை சார், சாதனை."

அதோடு விட்டாளா? அடுத்த போட்டியில் ஒரு விரற்கடை, அதற்கடுத்ததில் இன்னொரு விரற்கடை. "ஒரேயடியா ரெண்டடி தாண்டிட்டு ஓயக்கூடாதா?" என்று பயிற்சியாளரிடம் கெஞ்சினேன். "விரக்கடையா ஏத்தினாத்தான் சார் ஒவ்வொரு தடவையும் சாதனை" என்கிறார். அவருக்கென்ன, கீழே நிற்கிறவர். இவளுக்கோ முட்டி வீங்கியிருக்கிறது, படியேறவே முகம் சுளிக்கிறாள். நான் நிறுத்தச் சொன்னால் மாமனார் கொடுமை என்று ஊர் பேசும். பெற்றவர் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். எல்லோரும் நீடூழி, கூடியவரை தாழ்வான இடங்களில் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது, முட்டியில் பனிக்கட்டிப் பையோடு வந்து உட்கார்ந்தாள். "போதும்னு தோணுது மாமா. நிறுத்திடட்டுமா?" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்திருக்க வேண்டும். வாயில் வந்ததோ, "அந்த வெளிநாட்டுப் பொண்ணு உன் சாதனைக்கு ஒரு விரக்கடை வரைக்கும் வந்துட்டாளாமே, பாத்தியா?" என்பதுதான். பனிக்கட்டிப் பையை என் மடியில் வைத்தாள். பிறகு எழுந்து பயிற்சியாளருக்குப் போன் போட்டாள். ஆகவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம், அவளிடம் எதுவும் சொல்லவும் வேண்டாம். விளையாட்டு என்றால் நாலு அடி படத்தான் செய்யும். பெற்றவர் நீங்களே இப்படிப் பயந்தால் எப்படி, சம்பந்தி?