ஜெனரலின் விண்வெளிப் படையில் நான் ஆமை

எங்கள் செர்டாங் ஊர் ஜெனரல் நடத்தும் போரைப் போல உலகில் வேறொரு போர் கிடையாது. ராக்கெட் வெடிக்கும், கிரகம் பிளக்கும், ஆனால் ஒருவரும் சாக மாட்டார்கள்.

ஜெனரல் என்பது ஊர் வைத்த பட்டப்பெயர்; பிழைப்பு மோட்டார் சைக்கிள் பட்டறை. ஞாயிறு பூசை முடிந்ததும், தானே வரைந்த படக்கதையில் ஒரு பக்கத்தைப் பட்டறைக் கதவில் ஒட்டுவார். வீரர்கள் எல்லாம் மிருகங்கள். மிருகங்கள் எல்லாம் ஊர்க்காரர்கள். ரொட்டி விற்கும் அந்தோணி, கேப்டன் நீர்நாய். விண்வெளி வரைய அவர் மை வாங்கியதே இல்லை. எண்ணெய்க் கையைத் தாளில் துடைத்தால் அண்டம் தயார்.

நான் அரசாங்க அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னை ஆமையாக்கி, ஆயுதக் கிடங்கில் உட்கார வைத்தார்.

"ஏன் தம்பி, நான் ஆமையா?"

"ஆமைக்கு என்னாண்ணே குறைச்சல்? ரிட்டையர் ஆயும் ஆபீஸ முதுகுலயே தூக்கிட்டுத் திரியிறீங்க லா!"

ஒரு வாரம் கதையில் நீர்நாய் ஆமையிடம் ராக்கெட் கேட்டது. கேப்டன் நேரடியாக ராக்கெட் கேட்க முடியாது, துறைத் தலைவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஜெனரலிடம் விதியை எடுத்துச் சொன்னேன். அடுத்த ஞாயிறு கதவில் கப்பல் பற்றி எரிந்தது. நீர்நாய் கதறியது. ஆமை நிதானமாக, "துறைத் தலைவர் வழியாக வரவும்" என்றது. பாசாரில் மீன்காரன்கூட என்னிடம் அதையே சொல்லித்தான் மீன் கொடுத்தான்.

பிறகு மளிகைக்கடைக்காரர் இறந்துபோனார். கதையில் எதிரித் தளபதி உடும்பு அவர்தான். பட்டறை ஏணியை இரவல் வாங்கித் திருப்பித் தராததால் கிடைத்த பதவி. அந்த வாரம் உடும்பும் செத்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கதவில் உடும்பு பெட்டியோடு கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்துக் கிரகத்துக்கு வேலை மாற்றல் ஆகிவிட்டதாம்.

அவர் மனைவி அதை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். "அங்க சாப்பாடு நல்லா இருக்குமா தம்பி?"

"மெஸ் இருக்குக்கா. ஆனா உங்க கை மாதிரி வராது."

அதிலிருந்து ஊரில் யார் இறந்தாலும் கதையில் மாற்றல்தான்.

போன வருஷம் என் இதயத்தைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உயில், வாரிசு என்று எல்லாவற்றையும் முறைப்படி முடித்தேன். ஆமைக்கு மாற்றல் வருமா என்பது மட்டும் என் கையில் இல்லை. புறப்படும்போது ஜெனரலிடம் கேட்டேன்.

"ராணுவ ரகசியம்ணே. சொல்லக்கூடாது," என்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுவைக்கு முந்தின நாள் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில், வார்டு வாசலில் யாரோ நர்ஸோடு ஒரே சத்தம்.

"இது பார்வையாளர் நேரமில்ல, அங்கிள்!"

"கொஞ்ச நேரம்லா, மிசி! அவரு எங்க ஆபீசரு!"

ஜெனரல் மோட்டாரிலேயே அத்தனை தூரம் வந்திருந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பட்டறை மேசையில் ஆமை மல்லாந்து கிடந்தது. நீர்நாய் கையில் ஸ்பேனர். கீழே எழுதியிருந்தது: "ஓடு சர்வீஸ். முடிந்ததும் டியூட்டி."

"மாற்றல் இல்லையா?"

"உங்களுக்கெல்லாம் மாற்றல் கிடையாதுண்ணே. லீவு மட்டுந்தான்." தாளை என்னிடம் நீட்டினார். "கெதியா வந்துருங்க. ஆயுதக் கிடங்கப் பாத்துக்க வேற ஆளு இல்லலா."

அந்த விடுப்பு துறைத் தலைவர் வழியாக வரவில்லை. கையெழுத்துக்குப் பதில் ஓர் எண்ணெய்க் கட்டைவிரல் அடையாளம்தான் இருந்தது. நான் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.